பியானோ இல்லாத வீடுகளுக்கு ஒரு பியானோ டீச்சர்

என்னிடம் படித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதலில் வாசித்துப் பழகியது சார்ட் பேப்பரில்தான். ரவுண்டானா பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சார்ட், 28 அங்குல நீளம், 22 அங்குல அகலம். பியானோவில் ஒரு ஸ்தாயி, அதாவது ச முதல் நி வரையான ஏழு வெள்ளைக் கட்டைகள், ஆறரை அங்குலம் வரும், அதனால் நீளவாக்கில் நாலு ஸ்தாயி அடங்கிவிடும். வெள்ளைக் கட்டை ஆறு அங்குல நீளம் என்பதால் ஒரு சார்ட்டை வெட்டினால் மூன்று பேருக்கு ஆகும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கருப்புக் கட்டைகளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சாப்பாட்டு மேசை இருக்கும் வீடென்றால் மேசைமேல், இல்லாவிட்டால் தையல் மெஷின் பலகைமேல் விரித்து வாசிப்பார்கள். சத்தம் வராது. சத்தத்தை அவர்களே பாடிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தச் சார்ட்.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் 1990இல் இசை ஆசிரியையாகச் சேர்ந்தேன், 2023இல் ஓய்வு பெற்றேன். நான் சேர்ந்தபோது கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டம் ஆனது. கல்லூரியில் எனக்கென்று இருந்தது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு பழைய நிமிர்ந்த பியானோ, இரண்டு ஆர்மோனியம். பிள்ளைகள் பர்கூர், காவேரிப்பட்டணம், சூளகிரி, ராயக்கோட்டை என்று நாலு பக்கமிருந்தும் பஸ்ஸில் வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டில் பேசுவது ஆளுக்கு ஒன்றாக இருக்கும். ச ரி க ம மட்டும் எல்லாருக்கும் ஒன்று. பியானோ இருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது.

வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்ததை மட்டும்தான் வகுப்பில் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

நான் கற்றுக்கொண்ட விதம் வேறு. பள்ளியில் ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் கால் ஆர்மோனியத்தில் தொடங்கிவைத்தார். அப்புறம் சனிக்கிழமை தோறும் பெங்களூருக்குப் பஸ், போக 90 கிலோமீட்டர், வர 90 கிலோமீட்டர். அங்கே ஒரு மணி நேரப் பாடம். திரும்பி வந்தால் பள்ளியில் சிஸ்டர் சாவியைக் கொடுத்துவிடுவார், இருட்டும்வரை வாசிப்பேன். அதனால் பயிற்சி என்றாலே கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பது என்று மனதில் பதிந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்த பிறகும் அப்படியே நடத்தினேன். வாரம் ஒரு வகுப்பு 45 நிமிடம். மதிய இடைவேளையில் ஆளுக்கு 20 நிமிடம் பியானோ, முறை வைத்து. நான் ஒரு பக்கம் முழுவதும் வாசித்துக் காட்டுவேன், பிள்ளைகள் பார்ப்பார்கள், அடுத்த வாரம் முக்கால் பக்கம் மறந்து வருவார்கள். அக்கறை இல்லை என்று கோபப்பட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் இப்போதும் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

1998இல் ஆண்டு விழாவுக்காக ஒரு வேகமான உருப்படியை நானே வாசிப்பதாக ஏற்றுக்கொண்டு, தினமும் மூன்று மணி நேரம் உழைத்தேன். ஸ்டூல் ஒரு கால் தேய்ந்து உடைந்ததால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். அது உயரம் குறைவு. முழங்கை கட்டையை விடக் கீழே போய்விட்டது, மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தபடியே வேலை செய்தது. மூன்றாவது வாரம் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. டாக்டர் ஆறு வாரம் வாசிக்கக் கூடாது என்றார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் கீபோர்டு வாசிக்கும் குழந்தை இருந்தால் இன்றைக்கே பாருங்கள்: முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையைப் போடுங்கள். காலுக்குத் தரை எட்டவில்லையென்றால் பலகை வையுங்கள். வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். வலியோடு வாசித்துப் பழகுவது உழைப்பாகாது.

அந்த ஆறு வாரமும் வகுப்பு நடக்கத்தான் வேண்டும். வாசித்துக் காட்ட முடியாததால் பாடிக் காட்டினேன். வலது கையின் வரியை ஸ்வரமாகப் பாடு, இடது கையின் தாளத்தைத் தொடையில் தட்டு, நாலு அளவுக்கு, அதாவது நாலு தாளச் சுற்றுக்கு, மேல் போகாதே, அவ்வளவுதான் பாடம். அடுத்த வாரம் வந்தார்கள். நாலு அளவும் அப்படியே இருந்தது. ஒரு பையன், பர்கூரிலிருந்து வருகிறவன், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே பாடிப் பார்த்ததாகச் சொன்னான். பியானோவைத் தொடாமலே ஏழு நாளும் பயிற்சி செய்திருக்கிறான். என் எட்டு வருட வாசித்துக் காட்டலில் நடக்காதது அது. கை சரியான பிறகும் நான் பழையபடி வாசித்துக் காட்டவில்லை. பாட முடியாத வரியை வாசிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். குரல் நன்றாக இருக்கிறதா என்பது இதில் கணக்கே இல்லை. அடுத்த சுரம் காதுக்குள் முன்கூட்டியே கேட்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் பாட்டு.

சார்ட் பேப்பர் அதற்கு அடுத்த வருடம் வந்தது. முதல் வகுப்பையும் மாற்றினேன். வழக்கமாக எல்லாரும் நடு ஸ்தாயி வெள்ளைக் கட்டையில்தான் தொடங்குவார்கள். நான் கருப்புக் கட்டையில் தொடங்கினேன். கருப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டம் கூட்டமாக இருப்பதால் கண்ணை மூடினாலும் விரலுக்கு இடம் தெரியும். இன்னொரு காரணம் நம் ஊர்க் காரணம். நாலரைக் கட்டையை, அதாவது மூன்று கருப்புக் கட்டைகள் சேர்ந்த கூட்டத்தில் முதல் கட்டையை, ஷட்ஜமமாக வைத்துக்கொண்டு கருப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள், ச ரி க ப த என்று மோகனம் வந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து மோகனத்தில் அமைந்தது. மனோன்மணியம் சுந்தரனார் எழுதியது, எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டமைத்தது. பன்னிரண்டு வருடம் பள்ளியில் காலை வணக்கத்தில் பாடிவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த மெட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வரியைத் தேடிக் கண்டுபிடி என்று விட்டுவிடுவேன். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஜூன் மாதம் எப்போது வரும் என்று இருக்கும்.

பியானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையதில் பெரும்பாலான பியானோக்களைப் போல 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கருப்பு. உள்ளே இருநூறுக்கு மேல் தந்திகள். மேல் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி, கீழே போகப் போக இரண்டு, கடைசியில் ஒன்று. மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஈரத்தை இழுத்து உப்பும், சுருதி ஏறும். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து இறங்கும். எங்கள் பியானோ மேற்குச் சுவரை ஒட்டி ஜன்னலுக்குக் கீழே நின்றதால் சாயங்கால வெயில் முழுவதையும் அது வாங்கிக்கொண்டது. உள்பக்கச் சுவருக்கு நகர்த்திய வருடத்திலிருந்து சுருதி முன்பைவிட ஒன்றரை மடங்கு நாள் நின்றது. ஒரு காசு செலவில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். சுருதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்து இயற்பியல் ஆய்வகத்திலிருந்து இசைக்கவை ஒன்றைக் கடன் வாங்கினேன். அதில் 256 என்று பொறித்திருந்தது, வினாடிக்கு அத்தனை அதிர்வு, நடு ஸ்தாயி ஷட்ஜமம், ஒரு கட்டை. முழங்காலில் தட்டிப் பியானோவின் மரத்தில் ஊன்றி, அதே கட்டையை அழுத்தினேன். இரண்டும் ஒட்டவில்லை. வினாடிக்கு ஐந்தாறு தடவை உய்ங் உய்ங் என்று அலை அடித்தது. பியானோ மொத்தமும் சுருதி ஏறிப்போய்விட்டது என்று முடிவு கட்டி, பெங்களூரிலிருந்து சுருதி சேர்க்க வரும் பெரியவருக்கு வருத்தமாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோல் பையோடு வந்து இறங்கினார். தன் கவையைத் தட்டினார். அது 440, ஆறு கட்டை. ஒட்டியது. "அம்மா, லேபுல இருக்கிறது கணக்குக்காக வச்ச 256. பியானோவுல அந்தக் கட்டை 261.6. இது சரியாத்தான் இருக்கு, உங்க கவைதான் வேற ஊரு" என்றார். நான் கேட்ட அலைகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் என்றும் சொன்னார்.

அதற்கு அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். மூன்று தந்திகளில் ஓரத்து இரண்டையும் கம்பளித் துணிப்பட்டையால் அடக்கிவிட்டு, நடுத் தந்தியை முதலில் சேர்த்தார். பிறகு பட்டையை ஒரு பக்கம் உருவி, இரண்டாவது தந்தியை முறுக்கினார். அலை வேகமாக அடித்தது, மெதுவானது, இன்னும் மெதுவானது, ஒரு இடத்தில் நின்று இரண்டு தந்தியும் ஒரே தந்தி போல ஆனது. தந்தியை முறுக்கும் சாவி அசைந்தது ஒரு நூல் அளவு இருக்குமா என்பதுகூடச் சந்தேகம். இயற்பியல் பாடப் புத்தகத்தில் இந்த அலைக்கு விம்மல் என்று பெயர். அவ்வளவு பொருத்தமான சொல்லை யார் வைத்தார்களோ. அடுத்த தடவை அவர் வந்தபோது இயற்பியல் மாணவர்களையும் கூட்டிவந்து உட்காரவைத்தேன். புத்தகத்தில் விம்மலுக்குச் சூத்திரம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் அன்றைக்குத்தான் அதைக் காதால் கேட்டார்கள். இயற்பியல் துறைக்கும் எனக்கும் அதிலிருந்து நல்ல உறவு.

அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் இன்னொன்றும் புரிந்தது. தம்புராவில் பழகிய ஒரு மாணவி, பியானோவில் காந்தாரம் தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் காது சரி. பியானோவில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருக்கிறது. அதில் ஒரு பங்கான அரைச் சுரத்தை மறுபடி நூறு பங்காக்கினால், பியானோவின் அந்தர காந்தாரம் தம்புராவில் கேட்கும் காந்தாரத்தை விட ஏறக்குறைய 14 பங்கு கூடுதல். எந்தக் கட்டையையும் ஷட்ஜமமாக வைத்துக்கொள்ளலாம் என்ற வசதிக்காகக் கொடுக்கிற விலை அது. கமகமும் வராது, அழுத்திய சுரம் நின்ற இடத்தில்தான் நிற்கும். பியானோவில் ராக ஆலாபனை செய்ய முயல வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பல சுரங்களை ஒன்றாக அடுக்கிக் கேட்பது அதன் பலம், அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு இதற்கு வரத் தேவையில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டவர்களுக்குக் காது இரண்டு மடங்கு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா தெருக்கூத்து ஜமாவில் ஆர்மோனியம். எங்கள் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பதினெட்டு நாள் நடக்கும், அவருக்கு அந்த மாதங்களில் தூக்கமே கிடையாது. அந்தப் பெண்ணின் வலது கை முதல் நாளே ஓடியது. நான் கற்றுக்கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. இடது கை மட்டும் மடியில் கிடந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஆர்மோனியத்தில் இடது கை துருத்தி போடும், அதற்கு விரல் வேலை இல்லை. அந்தக் கைக்கு முதலில் சுருதிப்பெட்டி வேலை கொடுத்தேன். ஷட்ஜமம், பஞ்சமம் இரண்டு மட்டும், துருத்தி போடும் அதே நிதானத்தில். இரண்டு மாதம் அதுவே. சார்ட்டிலும் அதே. பிறகு ஷட்ஜமத்தை விட்டு மத்திமத்துக்கு ஓர் அடி எடுத்துவைக்கச் சொன்னேன். கை எழுந்துவிட்டது. துருத்திப் பழக்கத்தைக் குறையாக நினைத்து அழிக்கப் பார்த்திருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்கும்.

ஒரு நாள் அவள் அப்பா கல்லூரிக்கு வந்தார், கட்டணம் கட்ட. பியானோவைக் காட்டினேன். தொடச் சங்கடப்பட்டார், மகள் சொன்ன பிறகு உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க எப்படிப் பாடகர்களோடு ஈடுகொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பாடுறவங்க கட்டையப் பாத்துத்தான் நம்ம கை போகணும் டீச்சரம்மா. விடிகாலை மூணு மணிக்குத் தொண்டை இறங்கிடும். அப்ப நான் அரைக் கட்டை இறக்கிடுவேன். அவங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும்."

அரைக் கட்டை, அதாவது சுருதியில் ஓர் அரைச் சுரம், இறக்குவது என்றால் ஒவ்வொரு விரலும் வேறு கட்டைக்குப் போக வேண்டும், கருப்பு வெள்ளையாகும், வெள்ளைகளில் பல கருப்பாகும். பெங்களூரில் நான் பாடத்தாளில் எழுதி எழுதிக் கற்றதை இவர் தூக்கக் கலக்கத்தில், இன்னொருவர் மனம் நோகாமல் செய்கிறார். அன்றிலிருந்து எந்தச் சின்ன மெட்டையும் மூன்று வெவ்வேறு கட்டைகளை ஷட்ஜமமாக வைத்து வாசித்தால்தான் முடிந்தது என்று என் வகுப்பில் கணக்கு. ஸ்வரமாகத் தெரிந்த மெட்டு எந்தக் கட்டைக்கும் கூடவே வரும். விரல் மட்டும் மனப்பாடம் செய்த மெட்டு ஓர் இடத்தை விட்டு நகராது. கல்லூரி விழாவில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்த நாளெல்லாம் என் பிள்ளைகள் சமாளித்தது இப்படித்தான்.

சார்ட்டால் ஆகாததும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அந்தப் பெண்ணையே மூன்றாவது வருடம் ஒரு கிரேடு தேர்வுக்குப் பெங்களூர் கூட்டிப்போனேன். தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லை. தேர்வு அறையில் இருந்தது பெரிய கிராண்ட் பியானோ. முதல் நாலு அளவு வாசித்தாள், நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி நிறுத்தினாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. திரும்பி வரும்போது ஓசூரில் எதுவும் சாப்பிட மறுத்துவிட்டாள். சூளகிரி தாண்டும்போதுதான் பேசினாள்: "சத்தம் என்னோடதுன்னே தெரியல மேம். யாரோ வாசிக்கிற மாதிரி இருந்துச்சு." தப்பு முழுக்க என்னுடையது. கட்டையின் கனம், அழுத்தத்துக்கு ஏற்ற சத்தம், பெடலை மிதித்தால் சத்தம் எவ்வளவு தூரம் நீளும் என்பதெல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதவை. எங்கள் பியானோ ஒன்றையே தொட்டவளை நேராகத் தேர்வில் கொண்டு உட்காரவைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு தேர்வுக்குப் போகிற யாரையும் மூன்று நான்கு வேறு பியானோக்களில் வாசிக்கவைக்காமல் அனுப்பவில்லை. பெங்களூரில் தெரிந்த சர்ச், தெரிந்த கடை, கேட்டால் பதினைந்து நிமிடம் யாரும் மறுக்கவில்லை. அடுத்த வருடம் அவள் அதே தேர்வில் தேறினாள்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 61 கட்டை கீபோர்டு வாங்கினால், மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தம், பலமாக அழுத்தினால் பெரிய சத்தம் வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம் என்றால் அது கையைக் கெடுக்கும், அதைவிடச் சார்ட் மேல். வசதி வந்தால் கனக் கட்டைகள் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய தந்திப் பியானோவை ஆள் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தந்தியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணிகள் தளர்ந்திருந்தால் எத்தனை தடவை சுருதி சேர்த்தாலும் நிற்காது. பியானோவின் தலையில் எதையும் வைக்கவும் கூடாது. ஒரு ஆயுத பூஜைக்குப் பிள்ளைகள் ஆசையாக மேலே கலசம் வைத்தார்கள், தண்ணீர் சரிந்து சுத்தியல்களின் கம்பளிக்குள் இறங்கியது. பதினோரு கட்டைகள் மூன்று மாதம் ஊமையாக இருந்தன. அப்புறம் பொட்டும் பூவும் வெளிப்பலகைக்கு, கலசம் தனி ஸ்டூலுக்கு என்று வைத்துக்கொண்டோம்.

கல்லூரியில் இசை ஆசிரியராக இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் பணம் கேட்டால் விழாச் செலவில் எழுதாதீர்கள், நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். ஆய்வகக் கருவிப் பராமரிப்பில் எழுதச் சொல்லுங்கள். இயற்பியல் துறை நண்பர்தான் எனக்கு இந்த வழியைச் சொன்னார். அதன் பிறகு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. பருவத் தேர்வு நெருங்கும்போது இசை வகுப்பை வேறு பாடத்துக்குக் கேட்பார்கள். சண்டை போட்டு எனக்குப் பலன் கிடைத்ததில்லை. ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, அதே வாரம் காலையில் பதினைந்து நிமிடம் இரண்டு தடவை வாங்கிக்கொள்வேன். நாலு அளவு பாடம் என்றால் பதினைந்து நிமிடம் தாராளம்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஸ்வரக் கோடுகள் மங்கும். படிக்கும் கண்ணாடி புத்தகத் தூரத்துக்கானது, பியானோவின் தாள் அதைவிடத் தள்ளி இருக்கும். நான் இரண்டு வருடம் கழுத்தை நீட்டி நீட்டி வாசித்துக் கழுத்துவலி வாங்கினேன். கண்ணாடிக் கடைக்குப் போகும்போது ஸ்டூலிலிருந்து தாள் இருக்கும் தூரத்தை டேப்பில் அளந்து கொண்டுபோய்ச் சொல்லுங்கள், அதற்கென்று தனியாகப் போட்டுத் தருவார்கள்.

2020இல் கல்லூரி மூடியபோது மற்றத் துறைகள் தவித்த அளவுக்கு எங்களுக்குத் தவிப்பு இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டில் சார்ட்டில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தானே. ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டோம்: போனில் நேராகப் பேசியபடி வாசித்தால் நீண்டு ஒலிக்கும் சுரத்தைப் போன் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. தனியாகப் பதிவு செய்து அனுப்பினால் முழுதாக வரும்.

போன மாதம் காவேரிப்பட்டணத்துப் பெண் கூப்பிட்டாள். இப்போது அஞ்செட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அப்பா கூத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாராம், ஆர்மோனியம் அவளிடம் இருக்கிறது. பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"மேம், சார்ட்டு வாங்கி வெட்டிட்டேன், பசங்க சுத்தி உக்காந்திருக்காங்க. வெள்ளைக் கட்டை அளவு ஞாபகம் இருக்கு. கருப்புக் கட்டை நீளம் எவ்வளவு?"

"மூணே முக்கால் அங்குலம்மா" என்றேன். "முதல்ல பென்சில்ல போடு."